ஒரு பிழை, இரண்டு மொழி

ஞானசிகாமணியோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்த உரிமையில் சொல்கிறேன்: அவரைப் போல ஓட்டை வாய் ஆரியசாலைக் கடைத்தெருவிலேயே கிடையாது. நல்ல செய்தி ஒன்று காதில் விழுந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கெட்ட செய்தியாக இருந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல செய்தியால்தான் கேடு வந்தது.

எங்களுடையது மிளகாய், மல்லி, புளி எல்லாம் மொத்தமாக விற்கும் கடை. அவர் முன்னால் நின்று சரக்கு நிறுத்துப் போடுவார். நான் உள்ளே உட்கார்ந்து கடிதம், டெலிபோன் பார்ப்பேன். களியக்காவிளைப் பக்கத்துக் கத்தோலிக்கர் அவர். கோட்டைக்குள் அக்ரஹாரத்து ஆள் நான். இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ், வெளியே ஊரெல்லாம் மலையாளம். அவருக்கு நான் சாமி, எனக்கு அவர் ஓய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பார். திங்கட்கிழமை அதே பாடத்தை நான் வேண்டாமென்றாலும் எனக்கும் எடுப்பார்.

"சாவான பாவம்னா மூணு காரியம் வேணும் சாமி" என்று விரலை மடக்குவார். "விஷயம் பெருசா இருக்கணும். தெரிஞ்சு செய்யணும். மனசு வச்சுச் செய்யணும். ஒண்ணு குறைஞ்சாலும் அது சாவான பாவம் இல்ல."

"உங்க பகவான் நல்ல வக்கீல் காணும்" என்பேன். சிரிப்பாரே தவிரக் கோபித்ததில்லை.

கிடங்கில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்களில் ஓமனா ஒருத்தி. புருஷன் இல்லை. ஒரே மகள் பிஜி, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஞானசிகாமணியின் கோயிலைச் சேர்ந்தவர்கள்தான். பிஜிக்கு வேதபாடம் எடுத்ததும் அவர்தான். தொண்ணூற்றேழாம் வருஷம் மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கண்ணைத் திறந்தாள். அன்று ஞானசிகாமணி கடைத்தெரு முழுக்க நடந்து நடந்து சொன்னார். நல்ல வேளை, தண்டோரா மட்டும் போடவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, ஊர் வித்துரா. மிளகாய் விலை கேட்டார், கொஞ்சம் மல்லியைக் கையில் அள்ளி முகர்ந்தார், உட்கார்ந்து நாங்கள் வரவழைத்த சாயாவைக் குடித்தார். அப்புறம் போகிற போக்கில், "இவிட ஜோலி செய்யுந்ந ஓமனயுடெ மகள் பிஜி, அவள் எங்ஙனெ?" என்றார், ஆள் எப்படி என்று. இந்த ஊரில் கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ஞானசிகாமணிக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் பல்லாக, "பிஜியா? பிஜி பிழச்சு சாரே! பதினொண்ணு திவசம் ஆசுபத்திரியில கிடந்நு. ஞங்ங எல்லாரும் ப்ரார்த்திச்சு. இப்ப ஒரு கொழப்பமும் இல்ல!" என்றார்.

பெரியவர் பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் தமிழ்க் காதுதான், ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஓமனா கிடங்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஏறக்குறைய முடிவான சம்பந்தம் காரணம் சொல்லாமலே நின்றுபோயிருந்தது. தரகரைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "என்றெ மோள் பிழச்சவளாணெந்நு இந்தக் கடையில ஒரு ஆள் பறஞ்சதாம் அண்ணா. பிழச்சதுக்குத்தான் ஆசுபத்திரியில கிடந்தாளாம்!"

மலையாளத்தில் ஒரு பெண்ணைப் பிழச்சவள் என்றால் கெட்டுப்போனவள் என்று பொருள். அதோடு பதினோரு நாள் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டால், கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

எல்லோரும் கோலப்பனைப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிற ஆள், கிண்டல்காரன், பெண்களிடம் வாய்க்கொழுப்பு உண்டு. அவன் சத்தியம் செய்து பார்த்தான், யாரும் நம்பவில்லை. எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் ஞானசிகாமணிதான். "எவன் சொன்னானோ அவன் நாக்கு அழுகிப் போவும்!" என்று கிடங்கு அதிரக் கத்தினார்.

மறுநாள் பூசையில் மார்பில் அடித்துக்கொண்டு 'என்றெ பிழ', என் குற்றம் என்று மூன்று தடவை சொல்கிற இடம் வந்ததாம். இரண்டு தடவை சொன்னவருக்கு மூன்றாவது தடவை கை மார்பிலேயே நின்றுவிட்டது. வித்துராக்காரரின் குடை, பாதிச் சாயா எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இருபது வருஷமாக மலையாளத்தில் ஜெபம் சொல்கிறவர். ஆனால் சந்தோஷம் வந்தபோது நாக்கு தாய்மொழிக்குத்தான் ஓடியிருக்கிறது.

அன்றே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பாதிரியார் முழுக்கக் கேட்டுவிட்டு, தெரிந்து சொல்லவில்லை, மனதறிந்து சொல்லவில்லை, இதில் பாவமே இல்லை, சமாதானமாகப் போங்கள் என்றாராம். சமாதானமாகத்தான் வரவில்லை. திங்கட்கிழமை காலை முகம் வெளுத்துக் கிடந்தது. சாயாக்கடைக்கு என்னைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. "விடும் ஓய்" என்றேன். "உம்ம பாதிரி அச்சனே பாவமில்லேன்னுட்டார். நீர் சொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எதுக்கு வாயைத் திறக்கணும்? இத்தனை வருஷப் பழக்கம், ஓமனா உம்ம மூஞ்சியிலேயே முழிக்க மாட்டாள்."

அவர் சாயாவைத் தொடவில்லை. "சாமி, பஸ்ஸில நான் தெரியாம ஒருத்தன் காலை மிதிச்சேன்னு வையும். அது பாவம் இல்ல. மிதிச்சிருக்கேன்னு தெரிஞ்ச பெறவும் காலை எடுக்காம நிண்ணா, அது என்னவாக்கும்?"

அவர் காலுக்கடியில் இரண்டு பேர் இருந்தார்கள், பிஜியும் கோலப்பனும்.

"வெறுங்கையோட ஓமனாகிட்டப் போக முடியாது. முதல்ல வித்துரா போணும், நீரும் வரணும். நான் மலையாளத்தில இன்னும் எதையாவது சொல்லிக் கெடுத்துப்போடுவேன்" என்றார். திட்டிக்கொண்டே கூடப் போனேன்.

நெடுமங்காடு வழியாக பஸ். வழியெல்லாம் அவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் பையனுடைய தாய்மாமன். தமிழில் பிழைத்தாள் என்றால் உயிர் தப்பினாள் என்று நான் விளக்கிச் சொன்னதும், அவர் கொஞ்ச நேரம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். பையனுக்கு வேறு பெண்ணோடு மனசம்மதம் என்கிற நிச்சயதார்த்தம் போன வாரம்தான் நடந்து முடிந்திருந்தது. அது போனது போனதுதான்.

"கல்யாணம் வேண்டாம் சாரே" என்றார் ஞானசிகாமணி. "இதை யார் யாருகிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்ட இண்ணைக்கே வந்து மாத்திச் சொல்லணும்." பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெயிலில் மூன்று வீடு ஏறினோம். மூன்று இடத்திலும் ஞானசிகாமணி கைகூப்பிக்கொண்டு நின்றார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, என்னமோ அவர்தான் பெண்ணைப் பெற்றவர் போல.

மறுநாள் கிடங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கோலப்பனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன், "ஒரு சாயாவும் ரெண்டு பழம்பொரியும் வாங்கித் தாரும், சரியாப்போவும்" என்று சிரித்தான். ஓமனா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். தினமும் அவருக்கென்று ஒரு வாழையிலைத் துண்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவருவாள், அது நின்றது. அவர் மத்தியானம் மோருஞ்சோற்றை வெறுமனே பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இவர் பேசாமல் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

அந்த வாரக் கடைசியில் பிஜி வந்தாள். இளைத்துப்போய், தலைமுடி கொட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் நின்று, "மாமன் அன்னைக்கு அதைச் சந்தோஷத்தில சொன்னதா?" என்று கேட்டாள்.

"உள்ளதாக்கும் மோளே. சந்தோஷம் பொறுக்காமச் சொன்னது."

"எங்கில் மதி" என்றாள். போதும் என்று அர்த்தம். அவர் மிளகாய்ச் சாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் நெடி ஏறிவிட்டதாம். சாக்கு வாய் கட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேதபாடத்தில் மூன்று விரலை மடக்கியவர் நாலாவதையும் மடக்க ஆரம்பித்தார். "தெரிஞ்ச பெறவு என்ன செய்தே?" என்பதுதான் அந்த நாலாவது. புத்தகத்தில் அப்படி இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "என் கையில இருக்கு" என்றாராம்.

தொண்ணூற்றொன்பதில், பெரிய நோன்புக்கு முன்னால், வேறொரு வீட்டார் பிஜியைப் பற்றி விசாரிக்கக் கடைக்கு வந்தார்கள், பையனின் அப்பாவும் சித்தப்பாவும். இவர்கள் நேராகக் கிடங்குக்கே போய் ஓமனாவைப் பார்த்துவிட்டார்கள். யாரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். ஓமனா மிளகாய்க் கையோடு எழுந்து முன்கடைக்கு வந்தாள். ஒன்றரை வருஷமாக அவரோடு பேசாதவள். அவரைக் கைகாட்டி, "ஆ அண்ணனோடு சோதிச்சா மதி. தன்றெ தெற்று தானே வந்து பறஞ்ச ஆளாணு. அவர் கள்ளம் பறைய மாட்டார்" என்றாள். அவரிடம் கேட்டால் போதும், தன் தப்பைத் தானே வந்து சொன்ன ஆள் என்று அர்த்தம்.

ஞானசிகாமணி கையில் இருந்த தராசுப் படிக்கல்லைக் கீழே வைத்தார். நான் டெலிபோனை வைத்துவிட்டு எழுந்தேன், உதவிக்கு. அவர் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, வந்தவர்களை உட்காரச் சொன்னார். முதலில் தன் கதையைச் சொன்னார், எலிக்காய்ச்சல், குடை, பாதிச் சாயா, ஒன்றையும் விடாமல். கடைசியில் மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பிஜி பிழைச்சா, தமிழில. மலையாளத்தில பிழச்சது ஞானாக்கும்."