‘பிரிங் அப்’புக்கு வாங்கிய கப்

அய்யா இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் பாடுபட்டுக்கொண்டே என்னை வளர்த்தது அய்யாவின் அக்கா, என் அத்தை. அம்மா எனக்குப் போனில் தெரிகிற முகம்தான். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் ஒரு மாத விடுப்பில் வந்தாள். சாக்லேட்டை வாங்கிக்கொள்வேனே தவிர, கூப்பிட்டால் பக்கத்தில் போக மாட்டேன். அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அந்த மாதம்தான் இராமநாதபுரத்தில் ஆங்கிலப் போட்டி நடந்தது. இரண்டு சொல் சேர்ந்த வினை ஒன்றைக் கொடுப்பார்கள். பொருள் சொல்லி, சொந்தமாக ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். ‘கிவ் அப்’, ‘லுக் ஆஃப்டர்’ என்று டீச்சர் கரைத்துப் புகட்டியிருந்தார். எனக்கு வந்தது ‘பிரிங் அப்’. கொண்டு வருவதும் இல்லை, மேலே தூக்குவதும் இல்லை, பிள்ளையை வளர்ப்பது என்று பொருள் சொன்னேன். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, “மை ஆண்ட் பிராட் மீ அப்” என்றேன். கை தட்டினார்கள். முதல் பரிசு எனக்குத்தான்.

கப்போடு இறங்கி வந்தபோது அத்தை அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: “எம்புள்ள என்னத்தா சொல்லுச்சு?”

குவைத்து வீட்டில் ஆங்கிலம் புழங்கிப் பழகிய அம்மாவுக்குக் கேட்டவுடனேயே புரிந்திருந்தது. அக்கம்பக்கம் கேட்கும்படி, “அத்தைதான் என்னைய வளத்து ஆளாக்குனாகன்னு சொல்றா மதினி” என்றாள்.

“இதுக்கு எதுக்கு இங்கிலீசு? அதான் ஊருக்கே தெரியுமே” என்றாள் அத்தை. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை பேரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வைத்தது நான். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா கப்பைப் பார்த்துவிட்டு, “யாரு புள்ள?” என்றார்.

“எங்க மதினி மக” என்றாள் அம்மா.

“பெத்தவ பேச்சப் பாரு. இவ மகதாங்க இது. நான் சோறு போட்டேன், அம்புட்டுத்தேன்” என்றாள் அத்தை.

“நீங்க வளத்த புள்ள மதினி.”

“நீ அங்கன கெடந்து பாடுபட்டு வளத்த புள்ளத்தா.”

முதுகுளத்தூர் வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. கப் வாங்கிய பிள்ளையை, எனக்கு வேண்டாம் நீயே வைத்துக்கொள் என்று ஆளுக்கு ஆள் இப்படித் தள்ளிவிடுகிறார்களே என்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.