ஆறு இலக்கம்

கிருஷ்ணராசாவின் படகு இரண்டு வருடமாகக் கட்டின இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் அதற்குள் இருக்கிற கடல் வரைபடத்தைப் போலப் புதுசான வரைபடம் தேம்ஸ் ஆற்றில் ஓடித் திரிகிற எந்தப் படகிலும் இருக்காது என்று சத்தியம் பண்ணலாம். சனிக்கிழமை தவறாமல் அதைப் புதுப்பித்துவிடுவார். முகத்துவாரத்தில் எந்த மணல்திட்டு இடம் மாறினது, எந்த மிதவையைத் தூக்கி எங்கே போட்டார்கள், எந்த வெளிச்சம் பழுதாகிக் கிடக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். போகத்தான் ஆளில்லை.

அவருக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. லண்டனுக்கு வந்து முதலில் பெற்றோல் செட்டில் இராவேலை, அதற்குப் பிறகு பஸ் ஓட்டம், முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்க ஓய்வு. வீடு கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில். மனைவி கனகாம்பிகை, மகள் மிதுஷாவின் பிள்ளைகளைப் பார்க்கவென்று மேற்கே ஹவுன்ஸ்லோவுக்குப் போனவர், போனவர்தான். ஒரே நகரம் என்று பேர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வர அரைநாள் போய்விடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் கிருஷ்ணராசாவும் போவார். சாப்பிட்டுவிட்டு, சோபாவின் ஓரத்தில் இருந்து, பிள்ளைகள் ஐபாட் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

படகு அவருடைய யோசனையே இல்லை. அது பெனடிக்ற்றின் பைத்தியம். பெனடிக்ற் அதே பெற்றோல் செட்டில் நின்றவர், அதே டிப்போவில் பஸ் ஓட்டினவர், யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் குருநகர்க்காரர். தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும். கிருஷ்ணராசா கடல் எட்டாத உரும்பிராய். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரோடும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நீந்தவும் தெரியாது. இருந்தும், இரண்டு பேரும் ஓய்வெடுத்த வருடம் பெனடிக்ற் ஒரு பழைய மோட்டார் படகைப் பார்த்துவிட்டு வந்து, "மச்சான், பாதிக்கு வாறியோ?" என்று கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. வீட்டில் அந்த நேரம் கனகாம்பிகை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வாங்கின முதல் கோடையிலேயே இரண்டு பேருமாகச் சேர்ந்து படகைத் தரைதட்ட வைத்தார்கள். பெனடிக்ற் சுக்கான் பிடித்தார், கிருஷ்ணராசா வரைபடம் பிடித்தார். படகோடு கூட வந்த பழைய கடதாசி வரைபடம் அது. எந்தக் காலத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதில் ஒரு மிதவை கரைக்குக் கிட்ட இருந்தது. நேரில் அது நல்ல தூரம் வெளியே தள்ளிக் கிடந்தது. மிதவைக்கு வெளியாலே போவோம் என்றார் பெனடிக்ற். கிருஷ்ணராசா விடவில்லை.

"கவுண்மேந்து கீறின படம், பிழைக்காது. மிதவைதான் கட்டு அறுந்து இழுபட்டிருக்கும்" என்றார்.

அகதி விண்ணப்பம் தொடங்கிப் பிரஜாவுரிமை வரைக்கும் வருடக்கணக்காகக் கடதாசியோடு மாரடித்த மனிதர். முன்னால் நிற்கிற ஆளை விட்டுவிட்டு, அவன் கையில் இருக்கிற கடதாசியைத்தான் இந்த நாட்டில் நம்புவார்கள் என்று பட்டுத் தெளிந்தவர். அந்தத் தெளிவைக் கொண்டுபோய்க் கடலில் காட்டினார். பெனடிக்ற்றும் அதே வரிசைகளில் நின்றவர்தானே. கொஞ்சம் தயங்கிவிட்டு, கடதாசி சொன்ன பக்கம் திருப்பினார். படகு சத்தமே இல்லாமல் சேற்றில் ஏறிக் குந்திக்கொண்டது.

தண்ணீர் முழுக்க வற்றி, பிறகு பெருகி வரும் வரைக்கும், சாய்ந்த படகில் கால்களை முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். கொண்டுபோன மீன் ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். கால்நூற்றாண்டு பழகியும் பேசாத கதைகளை அன்று பேசினார்கள். பெனடிக்ற் தன் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். கிருஷ்ணராசா தனக்குத் தண்ணீரென்றால் பயம் என்று சொன்னார். "அது உன்ர முகத்தைப் பாத்தாலே தெரியுமே" என்று பெனடிக்ற் சிரித்தார். வாழ்க்கையில் சந்தோசமான நாள் எது என்று யாராவது கேட்டால், கிருஷ்ணராசா மரியாதைக்குக் கலியாண நாளைச் சொல்வார். மனதில் வருவது அந்தச் சேற்றில் இருந்த நாள்தான்.

அடுத்த கிழமையே மின்வரைபடக் கருவி வாங்கிப் பூட்டினார்கள். சின்ன டிவி மாதிரி ஒரு திரை, அதன் அடியில் நகம் அளவில் ஒரு மெமரி கார்ட், கார்ட்டுக்குள் கடல். அதைக் கழற்றி மடிக்கணினியில் செருகி, வரைபடக் கொம்பனியின் இணையப் பக்கத்துக்குள் போனால் புது மாற்றங்கள் எல்லாம் இறங்கும். ஆனால் உள்ளே விடுவதற்கு முன் ஒரு போனுக்கு ஆறு இலக்கம் அனுப்புவார்கள். அதை அடித்தால்தான் கதவு திறக்கும். கணக்குத் திறந்த அன்று கிருஷ்ணராசாவின் போனில் சார்ஜ் இல்லை. அதனால் பெனடிக்ற்றின் நம்பரைக் கொடுத்தார்கள்.

பிறகு பெனடிக்ற்றுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. ரொறன்ரோவில் இருந்த மகள் அனோஜினி வந்து, இனி அப்பாவைத் தனிய விட ஏலாது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பெனடிக்ற் படகின் தன் பாதியையும் கிருஷ்ணராசாவின் பேருக்கே எழுதிக் கொடுத்தார். வரைபடக் கணக்கில் மட்டும் தன் புதுக் கனடா நம்பரைப் போட்டு வைத்தார். அதை மாற்றவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிருஷ்ணராசா படகில் இருந்து கணினியைத் திறப்பார். ரொறன்ரோவில் அப்போது ஆறு மணி. "எனக்கு ஏர்லி ஷிப்ட் பழகின கண். ஆறுக்கு முன்னமே முழிச்சிடுவன்" என்று நேரத்தைக் குறித்தவர் பெனடிக்ற்தான். தொடக்கத்தில் அவரே போன் எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். கதவு திறந்ததும் கிருஷ்ணராசா அந்தக் கிழமை மாற்றங்களைச் சொல்வார். எங்கோ ஓரிடத்தில் ஆழம் அரைமீற்றர் குறைந்துபோனதை வைத்து அரைமணித்தியாலம் கதைப்பார்கள்.

நாட்போக்கில் கதை குறைந்தது. போன் வருவது நின்று, வாட்ஸப்பில் ஆறு இலக்கம் மட்டும் வரத் தொடங்கியது. முன்னும் பின்னும் ஒரு சொல் கிடையாது. கிருஷ்ணராசா 'நன்றி மச்சான்' என்று போடுவார். அதற்குப் பதில் வராது. தான் ஒரு தொல்லையாகிவிட்டோமோ என்ற எண்ணம் அவரை அரிக்கத் தொடங்கியது. ஆனாலும் விடவில்லை. இணையப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது. அதில் ஒரு சரி போட்டால், இந்தக் கணினியை நம்பி இனிமேல் இலக்கம் கேட்காது. பாங்க், கவுன்சில், கரண்ட் பில், எல்லாவற்றிலும் அந்தச் சரியைப் போட்டு வைத்திருக்கிற மனிதர், இதில் மட்டும் போட்டதில்லை.

கதைக்க வேண்டுமென்றால் போனை எடுத்துக் கதைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு இந்த வயது யாழ்ப்பாணத்து ஆண்களைத் தெரியாது. காரணம் இல்லாமல் ஒருவருக்கொருவர் போன் எடுத்த சரித்திரமே இவர்களுக்குக் கிடையாது. ஷிப்ட் மாற்ற எடுப்பார்கள், கார் பற்றரி இறங்கினால் எடுப்பார்கள். ஒருதரம், ஒரு புதன்கிழமை, வீட்டின் அமைதி தாங்க முடியாமல் கிருஷ்ணராசா எடுத்துத்தான் பார்த்தார். முதல் மணியிலேயே பெனடிக்ற் எடுத்து, பதறின குரலில், "என்ன மச்சான், ஆருக்கு என்ன நடந்தது?" என்றார். கிருஷ்ணராசா அவசரமாக ஒரு காரணம் தேடினார். படகில் தண்ணீர் இறைக்கிற பம்ப் வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அந்தப் பம்பைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அக்கறையாகக் கதைத்துவிட்டு வைத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் அனோஜினியின் அழைப்பு வந்தது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தாள்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. அப்பா சனிக்கிழமையில வெள்ளன எழும்பிடுறார். பிறகு நாள் முழுக்கத் தலைசுத்து. டொக்டர் ரெஸ்ற் எடுக்கச் சொன்னவர்."

"ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாது."

"இட்ஸ் ஓகே அங்கிள். நான் அந்தக் கொம்பனிக்கு ஈமெயில் போட்டு எக்கவுண்டை உங்கட பேருக்கு மாத்தியிருக்கிறன். உங்களுக்கு ஒரு லிங்க் வரும். உங்கட நம்பரைக் குடுத்தீங்களெண்டா சரி. பிறகு நீங்கள் அப்பாவைக் கேக்கத் தேவையில்லை."

"ஓம் பிள்ளை, நல்லது. எனக்கும் அது லேசு" என்றார் கிருஷ்ணராசா.

வைத்த பிறகு, அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றும் வரைக்கும் அப்படியே நின்றார். அந்த ஆறு இலக்கமும் போனால் அவருக்கும் பெனடிக்ற்றுக்கும் இடையில் மிச்சம் ஒன்றும் இல்லை. இனி யாராவது செத்தால்தான் ஒருவர் குரலை மற்றவர் கேட்கலாம். முதலில் சாவது இரண்டு பேரில் ஒருவராக இருந்தால் அதுவும் இல்லை.

லிங்க் வந்தது. இரண்டு சனிக்கிழமை படகுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருக்க, பஸ் ஏறிப் போய்ப் படகைத் திறந்து உள்ளே இருந்தார். சுற்றிவர எல்லாப் படகுகளும் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. கார்ட்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகி, லிங்கை அழுத்தினார். பேர் கேட்டது, கொடுத்தார். ஈமெயில் கேட்டது, கொடுத்தார். இலக்கம் அனுப்புவதற்கு உங்கள் தொலைபேசி எண் என்றது.

தன் நம்பரை அடித்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக அழித்தார். நாடுகளின் பெயர் வரிசையில் மேலே போய்க் கனடாவைப் பிடித்து, பெனடிக்ற்றின் நம்பரை அடித்து, அனுப்பு என்று அழுத்திவிட்டார். அந்த எண்ணுக்கு இலக்கம் போய்விட்டது, பத்து நிமிடத்துக்குள் அடிக்கவேண்டும் என்று திரை சொன்னது. ஆறு மணிக்கு ஒரு இருதய நோயாளியை எழுப்பிவிட்டிருக்கிறோம், அந்தப் பிள்ளை எவ்வளவு மரியாதையாகச் சொன்னது என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவர் நித்திரையாக இருந்தால் நல்லது என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டே போனை எடுத்து மடியில் வைத்தார்.

நிமிடங்கள் போயின. வாட்ஸப்பில் ஒன்றும் வரவில்லை. கணினியை மூடப் போனபோது போன் அடித்தது.

"ராசா."

"ஓம் மச்சான்."

"என்ர போனுக்கு இலக்கம் வந்திருக்கு. எல்லாத்தையும் உன்ர பேருக்கு மாத்தியாச்செண்டு அனோஜினி சொன்னவள்."

"ஓம், மாத்தியாச்சு."

"பிறகேன் எனக்கு வருகுது?"

"நான்தான் உன்ர நம்பரைக் குடுத்தனான்."

கிருஷ்ணராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்ராப்பா?" என்றார் பெனடிக்ற்.

"வேற ஆரின்ர நம்பரைக் குடுக்கிறது? எனக்கு வேற ஆர் இருக்கு?"

மழை படகின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ரொறன்ரோவில் ஒரு கார்க் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"நான் கராஜுக்குள்ள வந்து காருக்குள்ள இருக்கிறன்" என்றார் பெனடிக்ற். "மேல பிள்ளையள் நித்திரை. வீட்டுக்குள்ள கதைச்சா எல்லாருக்கும் கேக்கும். அதுதான் எழுதி மட்டும் விடுறனான்."

"நான் உனக்குக் கரைச்சலெண்டு நினைச்சன்."

"விசரா. போன ரெண்டு சனியும் அஞ்சரைக்கே எழும்பிட்டன். இனி வராதெண்டு தெரியும். எண்டாலும் போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தனான்."

கிருஷ்ணராசா மூக்கை உறிஞ்சின சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"சரி, எழுது" என்றார் பெனடிக்ற். "முதலாவது நாலு." அதோடு நிறுத்தினார். "இப்ப தண்ணி ஏறுதோ, வத்துதோ?"

"ஏறுது."

"மழையோ? சத்தம் கேக்குது."

"தூறல்தான்."

அடுத்த இலக்கத்துக்கு அவர் வரவில்லை, கிருஷ்ணராசாவும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கதைத்தார்கள், பம்பைப் பற்றிக் கதைத்தார்கள், அந்தப் பம்ப் ஒருநாளும் பழுதாகவில்லை என்பதையும் கிருஷ்ணராசா சொன்னார். பெனடிக்ற் இருமி இருமிச் சிரித்தார். பத்து நிமிடம் முடிந்து, அந்த இலக்கம் இனிச் செல்லாது என்று திரையில் எழுத்து வந்தது. கிருஷ்ணராசா இன்னொன்று அனுப்பச் சொல்லி அழுத்தினார்.