ஹில்டாவின் விக்கல்

ஹில்டா கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "சில்லுன்னு இருக்கே. யாருடி உனக்கு இவ்ளோ பவுடர் அப்பினது?" என்று சுவரிடம் கேட்டாள். சுண்ணாம்புக் காரைச் சுவர் வெயிலிலும் குளிரும், சிமெண்ட் சுவர் சுடும் என்பது அவள் கணக்கு. சுரண்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய வீடுகளில் எது பழசு, எது பின்னால் ஒட்டியது என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். நாற்பதைத் தாண்டியவள். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வீட்டுச் சொந்தக்காரரை விட்டுவிட்டு வீட்டோடு பேசுவாள். தரையில் மல்லாந்து படுத்துக் கூரை பார்ப்பாள். நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால் விக்கல் வந்துவிடும்.

சொந்தச் சித்தி வீட்டையே "இடிச்சிருங்க" என்றவள். அதனால்தான் மேற்குத் தாம்பரத்து அண்ணனும் தங்கையும் பழசு மிச்சமிருந்தால் வீடு நிற்கும், இல்லாவிட்டால் இடிக்கலாம் என்று அவள் சொல்லுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து மாடி வீடு. அண்ணன் தனசிங்குக்கு அதை இடித்து ஃபிளாட் கட்ட வேண்டும். தங்கை தபீதாளுக்கு அதிலேயே இருக்க வேண்டும். அழகாக இருந்தால் மார்க் கிடைக்கும் என்று நம்பி, கிறிஸ்துமஸுக்கு அடிப்பதுபோல வீடு முழுக்க ரோஸ் டிஸ்டெம்பர் அடித்துவைத்திருந்தாள்.

தனசிங் மாற்றங்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்டே வந்தார். வராந்தா பிரவுசிங் சென்டர் ஆகியிருந்தது. கூடத்தை பிளைவுட் இரண்டாக்கியிருந்தது. மேலே தெர்மகோல் சீலிங். எல்லாம் லீவு நாட்களில் அவரே செய்தவை.

"பழசுன்னு மிச்சம் இருக்கிறது அட்ரஸ் மட்டும்தான் மேடம்."

பிரவுசிங் சென்டரின் சக்கர நாற்காலியை இழுத்துவந்து ஹில்டா அதன்மேல் ஏறினாள். தபீதாள் பிடித்துக்கொண்டாள். நாற்காலி இருவரையும் இழுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தது. மறுபடி ஏறி, ஒரு தெர்மகோலை நகர்த்தித் தலையை உள்ளே விட்டாள். உள்ளேயிருந்து முதல் விக்கல் கேட்டது.

தேக்கு உத்தரங்களில் ஒரு கீறல் இல்லை. சீலிங், பழைய விளக்குக் கொக்கிகளில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடினாள். பிளைவுட் தடுப்பு சொந்தக் காலில் நின்றது. வராந்தாவின் கண்ணாடிச் சட்டத்தைத் தூண்களுக்கு நடுவே ரப்பர் கட்டைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. காலண்டர்கூடத் தாழ்ப்பாளில்தான் மாட்டியிருந்தது.

"சுவத்துல ஒரு ஆணி கூட இல்லையே சார்?"

தனசிங் தரையைப் பார்த்தார். "அப்பா அடிக்க வுட மாட்டாரு."

"எங்க அவரு?"

"தவறிப்போயி ரொம்ப வருஷம் ஆச்சு."

தபீதாள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மொத்த வூட்டையும் இடிக்கப் போறாராம். ஆணி அடிக்க மட்டும் அப்பாகிட்ட பயம்."

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே சட்டை மாட்டிவிட்டிருக்கிறீர்கள், கழற்றினால் அப்படியே இருக்கும் என்று விக்கலுக்கு நடுவே ஹில்டா தீர்ப்பைச் சொன்னாள். தனசிங் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"நாலு ஆணி அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பேனா மேடம்?"

"நாப்பது அடிச்சிருக்கணும் சார்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து தனசிங் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தடுப்பைக் கழற்றினார். தபீதாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஹில்டா பம்மலில் வேறொரு வீட்டைப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை, இடித்துவிடலாம் என்றாள். வெளியே வந்தவள் வாசலில் செருப்பை மாட்டவில்லை. துக்க வீட்டிலிருந்து வருகிறவள்போலக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவுக்கு வந்த பிறகு போட்டுக்கொண்டாள்.