செங்கோடன் செத்த வியாழக்கிழமை

புது அச்சு மை வாசனை, கூடவே கொஞ்சம் டீசல்... வியாழக்கிழமை காலையில் ராசிபுரம் பஸ்ஸின் கூரையிலிருந்து வாரப்பத்திரிகைக் கட்டு வெண்ணந்தூரில் பொத்தென்று விழும்போது வரும் வாசனை அது. பின்னால் விசைத்தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

கட்டைப் பிரிப்பதற்குள் நானும் செங்கோடனும் பத்திரிகைக் கடை வாசலில் நிற்போம். அவன் தறிகளுக்கு நூல் விற்கும் கடை வைத்திருந்தான். நான் எம்.ஏ. முடித்து ராசிபுரத்தில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்தினேன். இருவருக்கும் துப்பறியும் கதைப் பைத்தியம்.

அந்த எழுத்தாளர்களை இன்று யாரும் இலக்கியத்தில் சேர்ப்பதில்லை. என்னோடு படித்துப் பேராசிரியர் ஆனவர்கள் மேடையில் கிண்டல் செய்கிறார்கள். ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் அவர்கள் எதை வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் முதல் வரியிலேயே பிணத்தைப் போடுவார். இன்னொருவர் பிணத்தைக் காட்டாமலே பயமுறுத்துவார். எங்கள் ஊரில் பகலிலும் கதவைத் தாழிடும் பழக்கம் அவர்களால் வந்ததுதான்.

எங்களுக்கு மிகவும் பிடித்தவரின் பெயர் வேண்டாம். கடிதம் போடும் வாசகர்களின் பெயரைத் தன் பாத்திரங்களுக்கு வைப்பது அவர் வழக்கம்.

அவருக்கு நான் கைப்பட எழுதிய சிறுகதை ஒன்றை, டுடோரியல் முகவரி போட்டு அனுப்பினேன். ஒரு வரி பதில்கூட இல்லாமல் திரும்பி வந்தது. அதே மாதம் செங்கோடன் போட்ட நான்கு வரிக் கடிதம் அச்சில் வந்தது. "கூர்மையான வாசகர்" என்று கீழே அவருடைய குறிப்பு வேறு. டீக்கடை முழுக்க அதைக் காட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை.

செங்கோடன் பெயரில் நான் ஒரு கடிதம் எழுதினேன். வலது கையில் வாட்ச் கட்டும் பழக்கம், நீல மொபெட், ஏரிக்கரைப் புளியமரம், அதன் பின்னால் இருக்கும் வறண்ட கிணறு... எல்லாவற்றையும் எழுதி, "என்னை அழகாகக் கொன்றுவிடுங்கள்" என்று முடித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை, தன் புதுத் தொடர்கதையில் கொன்றுவிட்டார். கிணற்றுக்குள் செங்கோடன். வலது கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் சேந்தமங்கலத்துக்கு எடுத்த பஸ் டிக்கெட், பாதி கிழிந்தது.

"ஏனுங்க செங்கோடரே, செத்தவங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா?" என்றார் டீக்கடைக்காரர். கடையே சிரித்தது. அவனும் சிரித்தபடி பைக்குள் கைவிட்டான். சிரிப்பு நின்றது.

விரலில் ஒரு சேந்தமங்கலம் டிக்கெட். பாதி கிழிந்தது.

முந்தின நாள் அங்கே பெண் பார்க்கப் போயிருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இதழ் அச்சானது அதற்கும் முன்பு.

"டேய், இது அவருக்கு எப்படீடா தெரியும்?"

"எனக்கென்னடா தெரியும்" என்றேன். டிக்கெட்டைப் பொறுத்தவரை அது உண்மை. இன்றுவரை தெரியாது.

பெண் வீட்டார் கோயிலில் பூக்கேட்டார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம் என்று நினைத்திருந்தார்கள். வெள்ளையே வந்தது. ஆனாலும் பெண்ணின் அம்மா முகம் தெளியவில்லை.

"பூவு நல்லாத்தான் வந்துதுங்க சாமி. ஆனா செத்துட்டான்னு ஊரே படிச்ச பேருங்க அது. அந்தப் பேருக்கு எம்புள்ளையக் கழுத்த நீட்டுன்னு எப்படீங்க சொல்லுவேன்? கதை முடியட்டும். ஆளு பொழச்சு வந்தா தேதி வெச்சுக்கலாமுங்க."

சாமி சொன்ன வாக்கு ஒரு தொடர்கதைக்காகக் காத்திருந்தது.

செங்கோடனுக்கு நம்பிக்கை இருந்தது. இந்த மாதிரிக் கதைகளில் செத்தவன் கடைசியில் எழுந்து வருவது உண்டு. "பொணத்தோட மூஞ்சிய இன்னும் காட்டலைல்லடா? அது வேற எவனோ" என்பான். அந்தப் பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நாலு வாரம் நானும் அவன் பக்கத்தில் நின்று, ஆமாடா ஆமாடா என்று தலையாட்டினேன்.

கடைசி அத்தியாயத்தில் பிணத்தின் முகத்தைக் காட்டினார். செங்கோடன்தான்.

கொலைகாரன் அவன் கூடவே பத்திரிகை படிக்கும் சிநேகிதன். பாடம் நடத்துகிறவன். செத்தவன் பெயரில் கடிதம் எழுதியவன். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைக்கிறார். ஒன்று திருப்பி அனுப்பப்பட்ட கதை, மற்றது அந்தக் கடிதம். இரண்டும் ஒரே கையெழுத்து.

கையெழுத்தை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நூறு துப்பறியும் கதை படித்தவன் நான்.

செங்கோடன் நின்றபடியே படித்து முடித்தான். சாக்பீஸ் பிடிக்கும் என் விரல்களையே பார்த்தான். "பஸ் வந்துருச்சு, நீ போ" என்றான். அதன்பிறகு எந்த வியாழக்கிழமையும் அவன் வரவில்லை. அந்தப் பெண்ணை ஆத்தூர் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எழுத்தாளர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஊர் முழுக்க அச்சடித்துச் சொன்னார். அவரைப்போல ஒருவர் இனி வரப்போவதுமில்லை... இதோ, இதை நான் போனில் தட்டுகிறேன். எல்லோர் எழுத்தும் ஒரே மாதிரி. யார் பெயரில் யார் எழுதினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

போன மாதம் வெண்ணந்தூர் போயிருந்தேன். பத்திரிகைக் கடை இருந்த இடத்தில் ரீசார்ஜ் கடை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர. தலை முழுக்க நரைத்த செங்கோடன்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்னங்க" என்றான். பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தான்.

வாட்ச் இடது கையில் இருந்தது.