கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு

நாற்பத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதக் கூட்டத்துக்கு முன்பு வரை மீட்டர்க்காரர் பொதுக்கூட்டங்களில் வாங்கிய அடிகளின் மொத்தம் இது. தள்ளுமுள்ளு இதில் சேராது. சட்டையைப் பிடித்து இழுத்ததும் சேராது. "உடம்புல பட்டு, சத்தமும் கேட்டாத்தான் ஒண்ணு" என்பது அவர் வைத்திருக்கும் விதி.

மூன்றாவது வரிசையிலிருந்து கேள்வி கேட்க எழுந்திருக்கும் முன் அவர் செய்கிற காரியங்கள் வரிசை மாறாதவை. முதலில் செருப்பு வாரை இறுக்குவார். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிடுவார், பிய்ந்து போகக் கூடாது என்று. கடைசியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ஓரத்தில் பந்தோபஸ்துக்கு நிற்கும் ஏட்டிடம் நீட்டுவார்.

"இன்னைக்குமா அண்ணே?"

"ஒரே ஒரு கேள்விதான் ஏட்டய்யா."

"போன தடவையும் ஒண்ணுதான் கேட்டீங்க."

ஏட்டு அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிவிடுவார். அடி விழுந்து ஓய்கிற வரை அந்தக் கழுத்து திரும்பாது. ஏன் என்று ஒரு முறை நேரிலேயே கேட்டேன். "கண்ணாடியப் பத்திரமாப் பாத்துக்குறேன் தோழர். அவரைப் பாத்துக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்ல" என்றார்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது இவர் பிழைப்பு. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவரின் தெருவில் நாலு வருடமாக மீட்டர் முள் அசையவில்லை. தெருமுனையில் பெரிய குழாய் உடைந்து கிடக்கிறது. மனு கொடுத்தார், ரசீது வாங்கினார், ரசீதுக்கு நினைவூட்டல் கொடுத்தார். பிறகுதான் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். "எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?" இவ்வளவுதான் கேள்வி. மேடையில் எந்தக் கொடி பறந்தாலும் இதையே கேட்பார். எல்லாக் கொடிக்காரர்களும் உதைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கட்சிகளுக்குள் ஒற்றுமை உண்டு. முப்பது வருடம் கூட்டம் கூட்டியவன் நான். எங்கள் மேடைக்கு முன்னால் அவர் வாங்கியது மூன்று. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆபீசில் அரை நாள் லீவு கேட்டு எழுதுவார். காரணம்: 'பொதுக்கூட்டம், உதை.' மேலதிகாரி கூப்பிட்டு, "உடம்பு சரியில்லைன்னு எழுதக் கூடாதாய்யா?" என்றார்.

"அது நாளைய லீவுக்கு சார். தனியா வச்சிருக்கேன்."

வீட்டு அம்மாள் இதையெல்லாம் தடுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார். இப்போது சட்டையோடு நிறுத்திக்கொள்கிறார். "அடி வாங்கப் போறதா இருந்தா அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போங்க. இது புதுசு."

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம். பார்க்காததை எழுத மாட்டார். ஆள் இல்லாத வீடு என்றால் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு நடப்பார். பூஜ்யம் என்றால் இன்னும் மோசம். "ஒரு சைபரப் போட்டுட்டு டீ சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிற வீடுகள் ஏராளம். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் மீட்டர் முகத்தைத் துடைத்து, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். டீ ஆறிவிடும்.

"ஓடுற முள் உடனே தெரிஞ்சிடும் தோழர். ஓடலைங்கறதுதான் லேசுல தெரியாது. நின்னு பார்க்கணும்."

போன மாதக் கூட்டத்துக்கு நாலாவது வீட்டுத் தையல்காரம்மாவும் வந்தார். "ஒவ்வொரு தடவையும் தனியா வாங்கிட்டு வர்றீங்களே அண்ணே, பாக்குறவங்களுக்கே கூச்சமா இருக்கு." கழுத்தில் அளவு நாடாவோடு, கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். கண்ணாடி போனால் மீட்டர்க்காரருக்குக் கம்பமும் ஆளும் ஒன்றுதான். அதனால் தையல்காரம்மா அவர் இடது முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இவர் கேள்வியைக் கேட்டார். மேடையில் பேச்சாளர் அமைதியின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. தொண்டர்கள் வந்தார்கள். கொடிக்கம்பு ஒன்று, பிடித்திருந்த அந்தக் கை மேலேயே விழுந்தது. தையல்காரம்மாவின் வலது மணிக்கட்டு.

போலீஸ் வந்து தையல்காரம்மாவை வண்டியில் ஏற்றியது. அந்த அமளியில் ஏட்டு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மீட்டர்க்காரர் சுவரைத் தடவிக்கொண்டே என் வாசலில் வந்து நின்றார். "ஸ்டேஷன் வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க தோழர். படி கண்ணுக்குத் தெரியாது."

ஸ்டேஷன் பெஞ்சில் தையல்காரம்மா மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளை வாசித்தார். கூட்டத்தின் அந்தப் பக்கம் காவலர் எவரும் பணியில் இல்லை. தகவல் கிடைத்து இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தபோது, மேற்படி பெண், தொண்டர்கள் ஒன்பது பேரைத் தாக்கிக்கொண்டிருந்தார். கைப்பற்றப்பட்ட ஆயுதம்: அளவு நாடா, ஒன்று.

"சாட்சின்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இந்தம்மா இன்னைக்கே ரிமாண்டு. உங்க தெருவுக்கு அடுத்த வாரம் குழாய். கட்சித் தலைவரே சொல்லிட்டார்."

மீட்டர்க்காரர் யோசித்தார். நாலு வருடக் கேள்விக்கு முதல் முறையாகப் பதில் வந்திருக்கிறது. தையல்காரம்மாதான் முதலில் பேசினார்.

"போட்டுத் தொலைங்க அண்ணே. தெருவுக்காவது தண்ணி வரட்டும். இந்தக் கை ஆறு வாரத்துக்கு ஊசி பிடிக்காது. அத உள்ள வச்சிருந்தா என்ன, வெளிய வச்சிருந்தா என்ன."

"நீங்க சும்மா இருங்கம்மா. ரீடிங் எடுக்கும்போது பேசக் கூடாது."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "கண்ணாடி இல்லாம நீ எதைய்யா பார்த்த?"

"ஒண்ணும் பார்க்கல சார். யார் அடிச்சாங்கன்னு கேட்டா, கதவு பூட்டியிருந்துச்சுன்னுதான் எழுதுவேன்."

"அப்புறம் என்ன. போடு கையெழுத்தை."

"ஆனா இவங்க ரெண்டு கையும் என் முழங்கையிலதான் இருந்துச்சு." நீலச் சட்டையின் கையைச் சுருட்டினார். விரல் பதிந்த தடம் கன்றிப் போய்க் கிடந்தது. "பத்தும் இருக்கும். எண்ணிக்கங்க. பிடிச்சிருக்கிற கையால ஒன்பது பேரை எப்படி அடிக்கிறது? எனக்குப் பேப்பர் குடுங்க, நானே எழுதித் தர்றேன். கண்ணாடி மட்டும் வேணும்."

"எங்க வச்ச?"

"நம்ம ஏட்டய்யா பையில. நேத்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேனே."

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டரின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். 'காவலர் எவரும் பணியில் இல்லை' என்ற வரியில் அவர் விரல் இருந்தது. பிறகு கதவருகே நின்ற ஏட்டைப் பார்த்தார்.

"நேத்து நீ எங்கய்யா இருந்த?"

எனக்குத் தெரிந்து ஏட்டுக்குப் பொய் சொல்ல வசதி இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் கை சட்டைப்பையின் பொத்தானில் போய் நின்றது. நிறைய நேரம் நின்றது.

பொத்தான் அவிழ்ந்தது. கண்ணாடியை எடுத்தார். காக்கிச் சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், மறு பக்கம் துடைத்தார், நடந்து வந்து மீட்டர்க்காரரின் மூக்கில் தானே மாட்டிவிட்டார். "ஒரு கீறல் இல்ல, பாத்துக்கங்க அண்ணே" என்றார்.

மீட்டர்க்காரர் இன்ஸ்பெக்டரின் தாளையே திருப்பிப் போட்டு, பழக்கப்படி கோடு கிழித்தார். முந்தைய அளவு: 41. இப்போதைய அளவு: 48. அடித்தவர்: கதவு பூட்டியிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு 'தையல்காரம்மா அடித்தது' என்று தலைப்பு எழுதினார். உடனே நிரப்பவில்லை. பெஞ்சுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து அந்த மாவுக்கட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, நிதானமாக, வெகு நேரம் பார்த்தார். எழுந்து வந்து எழுதினார்.

பூஜ்யம்.