யூசுப் காட்டாத சீட்டு

இன்று கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வரும்போது செல்போனில் போக்கர் ஆடினேன். காசில்லாத சும்மா ஆட்டம்தான்.

கடைசிச் சீட்டு விழுந்ததும் மேசையில் மூன்று ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டு; கையில் இன்னும் இரண்டு ஆட்டின் வைத்திருப்பவனுக்கு அநேகமாக ஜெயிப்புதான். எதிரே ஆடிய முகம் தெரியாத ஆள் நேரம் முடியும்வரை யோசித்துவிட்டு, பந்தயம் கட்டாமல் 'செக்' சொன்னான். நான் கட்டினேன். உடனே அவன் மூன்று மடங்காக ஏற்றினான்.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. யூசுப் இப்படித்தான் ஆடுவான்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் இருவரும் ஒரே அறை. அவன் மலேயாவுக்குக் கப்பலேறப் போகும் முன் கடைசியாக ஒரு ஆட்டம் போட்டோம்.

"நீ ஜெயிச்சா நான் சபுரு போகல மச்சான்" என்று அந்தப் பயணத்தையே பந்தயமாக வைத்தான்.

அன்றும் அவன் முன்னால் மூன்று ஆட்டின் திறந்து கிடந்தன. "நீயே கட்டு" என்று ஒதுங்கியவன், நான் கட்டியதும் இருந்ததையெல்லாம் தள்ளினான். பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை அவனுக்கு விட்டுவிட்டேன்.

"காட்டுடா, ஆட்டின்தானே?"

"பாக்கணும்னா கட்டியிருக்கணும் மச்சான்" என்று சீட்டைக் கட்டோடு கலந்துவிட்டான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

இன்று விடவில்லை. கட்டிப் பார்த்தேன். அந்த ஆள் கையில் ஒரு ஆட்டின்கூட இல்லை. ஜெயித்தது நான்தான்.

"சிதம்பரம் வந்துடுச்சி, எறங்கலியா பெரியவரே?" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

சீட்டாட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், யூசுப் கையில் அன்று ஆட்டின் இருந்ததுதானே? இருந்தது என்றே சொல்லுங்கள். புளுகாக இருந்தாலும் நான் கட்டிப் பார்க்க மாட்டேன்.