உங்களுக்குப் பிடித்த ஓர் எண்

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு மேலே நான் வைத்திருந்த இன்டர்நெட் கடையில் கணினி இரண்டு. ஒன்று வேலை செய்யும். மற்றது வேலை செய்வதுபோல் இருக்கும். தொலைபேசி மணி அடித்தால் இரண்டிலும் இன்டர்நெட் அறுந்துவிடும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டனை அமுக்கி, திட்டு வாங்கி, நானாகக் கற்றது.

இந்தக் கடையை நம்பி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஒரு தமிழ்ப்பெண் மின்னஞ்சல் போட்டார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் இணையம் வழியாக அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் கேள்வியை வாசித்து, பதிலைத் தட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் தனியாக வர வேண்டும். யார் சொன்னது என்று தெரியக் கூடாது; ஆகவே பெயருக்குப் பதில் ‘உங்களுக்குப் பிடித்த ஓர் எண்’.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் கோயில் சேலையில் ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

“ஒவ்வொருத்தரா உள்ள வாங்கக்கா.”

“எங்கள ஒத்தையா கூப்புடுறது தோட்டத்துத் தொரையும் டொக்டரும்தான். நீங்க இதுல எதுங்க தம்பி?” என்றார் முன்னால் நின்ற அக்கா.

அவரேதான் முதலில் உட்கார்ந்தார். எண் கேட்டேன்.

“நூத்தி எழுபத்தி மூணு.” யோசிக்கவே இல்லை.

மேலே இருப்பவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பது கேள்வி. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைக்குப் பால் குடுக்க எறங்குனா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாரு. அவரு என்னமோ ஆத்தா வயித்துலருந்தே கால்சட்டையும் கடிகாரமுமா வந்த மாதிரி! அப்புடியே போடுங்க தம்பி, ஒண்ணையும் கழிச்சிடாதீங்க.”

கழிக்கவில்லை. மற்ற பதினொரு பேரின் பதிலோடு அனுப்பியும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் ஒரு பட்டியலை டைப் செய்ய வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டியலில் வெறும் எண்கள்.

“பேர் போட வேணாமா ஐயா?”

“பேர் என்னத்துக்குத் தம்பி? சம்பளப் பதிவில இருக்கிற செக்ரோல் நம்பரைச் சொன்னாப் போதும், ஆளின்ர லயத்து வீடு, பிள்ளையள், எல்லாம் சொல்லுவன். இஞ்ச பார், நூற்றி எழுபத்தி மூன்று. சரியான வாய்க்காரி.”

அவர் போனதும் நான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டும் செக்ரோல் நம்பர். நான் டவுன் பையன், எனக்கெங்கே தெரியும்? ஆராய்ச்சியை எல்லோரும் வாசிக்க இணையத்தில் போடுவார்களாம். கண்டாக்கையா வாசித்தால் அந்த அக்காவுக்கு மறுநாளிலிருந்து செங்குத்து மலையில்தான் வேலை, அட்டைக்கடிதான்.

ஆராய்ச்சிப் பெண்ணுக்கு எழுதினேன். ‘பிடித்த எண்ணைத்தானே கேட்டோம்?’ என்று பதில் வந்தது. ‘அக்கா, இங்கே பிடித்த எண் என்று ஒன்று கிடையாது. கொடுத்த எண்தான்’ என்று திருப்பி எழுதினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணே வேண்டாம், ஆளுக்கொரு சொல் போதும், அவர்களையே கேளுங்கள் என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கோயில் சேலை. விஷயத்தைச் சொன்னதும் பதினொரு பேர் முல்லை, ரோசா என்று பூக்கடையே வைத்துவிட்டார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

“நம்பர எடுத்துட்டா நான் பேசுனது இல்லேன்னு ஆயிடாதா?”

“பேச்சு அப்படியே இருக்கும்க்கா. ஆளுதான் தெரியாது.”

“அவரு படிப்பாருல்ல?”

“இன்டர்நெட்டுல யாரு வேணும்னாலும் படிக்கலாம்.”

“அப்ப சரி. பூவெல்லாம் எனக்கு வேணாம். அட்டைன்னு போடுங்க. கால்சட்டைக்குள்ள ஏறட்டும்.”

மாதங்கள் கழித்து அது இணையத்தில் வந்தது. தோட்டத்தைப் பற்றி ஏதோ வந்திருக்கிறதாம் என்று கிளாக்கர்தான் முதலில் ஓடி வந்தார். வேலை செய்யும் கணினியில் திறந்து கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி வாசித்தார்.

“ஆர் தம்பி இந்த அட்டை?”

“தெரியாதுங்க ஐயா.”

“கண்டுபிடிக்கேலாமக் கிடக்கு.” கால்சட்டையும் கடிகாரமும் வந்த இடத்தில் சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு கொப்பி எடு. ஒண்டு எனக்கு. மற்றது கண்டாக்கையா வாறதுக்கு முன்னம் அவற்ற மேசையில வைக்கோணும்.”